மேசையில ஒரு யுத்தம், அந்தப் பக்கம் ஒரு ஆள்

(ஒலிப்பதிவில் பேசியதன் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன கிழமை பொழுதுபோக்குகளைப் பற்றிக் கதைக்கேக்க, "செவ்வாய்க்கிழமை பின்னேரத்தில நான் பொம்மைப் படைகளோட விளையாடப் போறனான்" என்று போகிறபோக்கில ஒரு வசனம் சொல்லியிருந்தேன். பிறகு வந்த மெசேஜ்களைப் பார்த்தால், அன்றைக்குக் கதைச்ச மற்ற எதையும் ஒருத்தரும் கவனிக்கவில்லைப் போல. கேள்விகள் ரெண்டு வகை. ஒன்று, "அதென்ன விளையாட்டு, எப்படி விளையாடுறது?" மற்றது கொஞ்சம் கனமான கேள்வி: "யாழ்ப்பாணத்தில இருந்து வந்த உங்களுக்கு யுத்தத்தை விளையாட்டா எடுக்க எப்படி மனம் வருது?"

ரெண்டுக்கும் பதில் சொல்லத்தான் இந்த எபிசோட். முதலாவது கேள்வியில தொடங்குவோம். அது விளங்கினால்தான் ரெண்டாவதுக்கு நான் சொல்லப்போகிறது விளங்கும்.

மேசையில் என்ன நடக்குது?

ஆறடி நீளம், நாலடி அகலத்தில ஒரு மேசையை நினைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்கு மேல சின்னச் சின்னக் குன்றுகள், மரங்கள், இடிஞ்ச கட்டடங்கள். ஒரு பக்கம் உங்கட படை, மற்றப் பக்கம் எதிராளியின்ட படை. ஒரு வீரன் கிட்டத்தட்ட 28 மில்லிமீற்றர் உயரம். உங்கட பெருவிரலின் மேல் கணு அளவு எண்டு வைச்சுக்கொள்ளலாம். கையில இன்ச் டேப் ஒன்று, ஒரு குவியல் டைஸ், ஒரு விதிப் புத்தகம். சதுரங்கத்தில இருக்கிற மாதிரி கட்டம் ஒன்றும் இல்லை. "இவன் ஆறு இன்ச் நடப்பான்" எண்டால் டேப்பால அளந்துதான் நகர்த்தவேணும்.

இரண்டு படையும் சரிசமமா இருக்கவேணும் என்பதுக்காக ஒவ்வொரு வீரனுக்கும், வண்டிக்கும் ஒரு புள்ளி விலை இருக்கு. ரெண்டு பேரும் ஒரே புள்ளிக் கணக்குக்குள்ள படையைக் கட்டிக்கொண்டு வரவேணும். வார்ஹாமர் 40,000 என்ற விளையாட்டில 2,000 புள்ளிக்கு விளையாடினால் ஒரு ஆட்டம் மூன்று மணித்தியாலம் சுலபமாப் போயிடும்.

சண்டை எப்படி என்று ஒரு உதாரணம் சொல்றேன். என்ர பத்துப் பேர் ஆளுக்கு ஒரு வெடி வைக்கினம். பத்து டைஸை உருட்டுறேன். மூன்றும் அதுக்கு மேலயும் விழுந்தால் குண்டு பட்டது. கணக்குப்படி ஆறு அல்லது ஏழு படும். பட்ட டைஸை மட்டும் எடுத்துத் திரும்ப உருட்டுறேன். நாலும் அதுக்கு மேலயும் எண்டால் காயம். இப்ப மூன்று மிச்சம். அந்த மூன்றையும் எதிராளியின்ட கையில குடுக்கிறேன். அவர் தன்ர வீரர்களின்ட கவசத்துக்காக உருட்டுறார். நாலும் அதுக்கு மேலயும் விழுந்தால் தப்பிட்டான். கடைசியில விழுகிறது ஒருத்தன், மிஞ்சினால் ரெண்டு பேர்.

இதில நான் ரசிக்கிற இடம் அந்தக் கடைசி உருட்டல். என்ர முறை நடக்கேக்க அவர் சும்மா போனைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது. தன்ர ஆளைக் காப்பாற்றுற டைஸ் அவரின்ட கையில இருக்கு. மூன்று டைஸுக்கு மூன்று ஆறு விழுந்தால் பக்கத்து மேசைக்காரனும் எழும்பி வந்து பார்ப்பான்.

இது எங்கிருந்து வந்தது?

சுருக்கமாச் சொல்றேன். 1824 இல ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய இராணுவ அதிகாரி, தன்ர தகப்பன் தொடங்கிவைச்ச ஒரு விளையாட்டைத் திருத்தி வெளியிட்டார். வரைபடத்துக்கு மேல கட்டைகளை நகர்த்தி, டைஸ் உருட்டி, நடுவர் ஒருத்தர் தீர்ப்புச் சொல்லுற விளையாட்டு. அது உண்மையிலேயே அதிகாரிகளுக்குப் போர் பழக்கத்தான்.

அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களில முக்கியமான ஆள் எச்.ஜி. வெல்ஸ். காலயந்திரக் கதை எழுதிய அதே வெல்ஸ்தான். 1913 இல 'லிட்டில் வார்ஸ்' என்று விதிப் புத்தகம் ஒன்று எழுதினார். விளையாட்டுப் பீரங்கியில மரக்குண்டு வைச்சு, தகரச் சிப்பாய்களை அடிச்சு விழுத்துறது. அந்தப் புத்தகத்தின்ட கடைசியில அவர் சொல்லுறது, உண்மையான போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது. அடுத்த வருசமே முதலாம் உலகப்போர் தொடங்கிச்சு.

பிறகு 1975 இல லண்டனில மூன்று நண்பர்கள் சேர்ந்து கேம்ஸ் வோர்க்‌ஷொப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதல்ல செய்து விற்றது மரப்பலகை விளையாட்டுகள். அதில ஒன்று மங்காலா, எங்கட பல்லாங்குழியின்ட சொந்தக்காரன். 1983 இல வார்ஹாமர் வந்தது, 1987 இல அதின்ட விண்வெளி வடிவமான 40,000 வந்தது. இன்றைக்கு நொட்டிங்ஹாமில இருக்கிற அந்தக் கொம்பனி, 2024 டிசம்பரில பிரிட்டனின் மிகப்பெரிய நூறு கொம்பனிகளின் பங்குப் பட்டியலுக்குள்ளயே வந்திட்டுது. பொம்மைச் சிப்பாய் விற்று!

எங்கட கடை

நான் போகிறது அந்தக் கொம்பனியின்ட கடைக்கு இல்லை. தென் லண்டனில, ஒரு கோழிக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில இருக்கிற தனியாள் கடை. முன்னுக்குப் பெட்டிகள், பெயின்ட் போத்தல்கள். பின்னுக்கு நாலு மேசை. செவ்வாய் பின்னேரம் விளையாட்டு, வியாழன் பெயின்ட் அடிக்கிறது.

வாற ஆக்களைச் சொன்னால் சிரிப்பீங்கள். ஒரு பஸ் ட்ரைவர், ஓய்வு பெற்ற கணித ரீச்சர், ஏ லெவல் படிக்கிற பெடியள் மூன்று பேர், ஆஸ்பத்திரியில இரவு வேலை செய்கிற ஒரு போர்த்துக்கேயப் பிள்ளை. இந்த நாட்டில இத்தனை வருசமா இருக்கிறேன். வேலை இடத்தில எல்லாரோடயும் காலநிலையைப் பற்றிக் கதைச்சிருக்கிறேன். ஆனால் ஒரு வெள்ளைக்கார மனுசனோட மூன்று மணித்தியாலம் ஒரே மேசையில இருந்தது இந்தக் கடையிலதான். கூச்ச சுபாவக்காரருக்கு இது பெரிய உதவி. என்ன கதைக்கிறது என்று யோசிக்கத் தேவையில்லை. கதை மேசையில கிடக்கு. "உந்த மதிலுக்குப் பின்னால நிற்கிறவனை என்ர ஆளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டு, ரெண்டு பேரும் குனிஞ்சு ஒரு கண்ணை மூடிப் பார்ப்போம். அதிலயே ஆளை ஆள் பழகிடும்.

எழுதாத சட்டங்களும் கொஞ்சம் இருக்கு. மற்றவரின்ட உருவத்தைக் கேட்காமல் தொடக்கூடாது. டைஸ் சரிஞ்சு நின்றால் திரும்ப உருட்டவேணும். எதிராளி ஒரு விதியை மறந்திட்டால் ஞாபகப்படுத்தவேணும், அது அவருக்கு லாபமாக இருந்தாலும். தொடங்கேக்கயும் முடியேக்கயும் கை குலுக்கவேணும்.

காசு விசயத்தையும் சொல்லிடுறேன். மேசைக்கு ஐந்து பவுண். அதே பெட்டி இன்டர்நெட்டில குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் மேசையையும் அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளையும் இன்டர்நெட்டில தபாலில அனுப்ப மாட்டாங்கள். அதால என்ர பெயின்டையும் பெட்டியையும் கடையிலயே வாங்குறேன். வாடகை கட்ட ஏலாமல் அந்த மனுசன் ஒருநாள் ஷட்டரை இழுத்துவிட்டால், பஸ் ட்ரைவரையும் ரீச்சரையும் நான் பிறகு எங்க போய்ச் சந்திக்கிறது?

பெயின்ட் அடிக்கிறது

உருவங்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளாத்தான் வரும். வெட்டி, சுரண்டி, ஒட்டி, பிறகு பெயின்ட் அடிக்கவேணும். முதல்ல அடிப்பூச்சு. அதுக்கு மேல உடுப்புக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று என்று நிறங்கள். பிறகு தண்ணி மாதிரி ஒரு கறுப்பு மையைப் பூசினால் அது மடிப்புகளுக்குள்ள ஓடிப்போய் நிழலாத் தேங்கும். கடைசியா, தூரிகையைப் பேப்பரில துடைச்சுக் கிட்டத்தட்டக் காயவைச்சு, மேடான இடங்களில மட்டும் வெளிர்நிறத்தைத் தடவுறது. அந்த நேரத்தில பிளாஸ்டிக்குக்கு உயிர் வரும். புதுசா வாற எல்லாருக்கும் சொல்லுற வேதவாக்கு ஒன்று: தடிப்பா ஒரு பூச்சு வேண்டாம், மெல்லிசா ரெண்டு பூச்சு.

நான் பகல் முழுக்கக் கணக்கு மென்பொருளைப் பார்க்கிற ஆள். ஒரு பின்னேரத்தில மூன்று வீரரை முடிச்சால் பெரிய காரியம். ஆனால் அந்த ரெண்டு மணித்தியாலமும் வேறொன்றும் தலைக்குள்ள ஓடாது.

சரி, அந்த மற்றக் கேள்வி

பெயின்ட் காயட்டும் என்று ஒருநாள் குசினி யன்னலில பத்து வீரரை அடுக்கி வைச்சிருந்தேன். எங்களோட இருக்கிற அம்மா அதைப் பார்த்திட்டு, "இதென்ன, ஆமிக்காரரையே செய்து வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டா. கோபமா இல்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க அந்த யன்னல் பக்கம் அவ வரவில்லை.

95 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினொரு வயசு. மழைக்குள்ள, நாவற்குழிப் பக்கம், ஒரு அடி வைக்கவே இடமில்லாத சனத்துக்குள்ள அம்மாவின்ட சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நின்றவன் நான். அதால இந்தக் கேள்வியைச் சும்மா சிரிச்சுக் கடந்துபோக எனக்கு ஏலாது.

நான் கண்ட வித்தியாசத்தைச் சொல்றேன். மேசையில சனம் இல்லை. ரெண்டு படைக்கும் நடுவில மூட்டை முடிச்சோட நடக்கிற ஆக்கள் இல்லை. ஆட்டம் எத்தனை சுற்று என்று முதலே தெரியும். ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தான் தொடங்குறோம், நேரம் முடிஞ்சால் விழுந்தவன் எல்லாரும் பெட்டிக்குள்ள போய் அடுத்த கிழமை திரும்ப நிற்பான். நான் கண்டதில இது ஒன்றும் இருக்கவில்லை. அதால மேசையில நடக்கிறதை யுத்தம் என்று என்ர மனம் எடுக்கிறதே இல்லை. ரெண்டு பேர் சேர்ந்து போடுற ஒரு புதிராத்தான் எடுக்குது.

ஆனால் ஒரு இடத்தில எனக்கு இடறும். மேசைக்கு வாங்குற கட்டடங்கள் அனேகமா இடிஞ்ச நிலையிலதான் பெட்டியில வருது. கூரை இல்லை, சுவர் பாதி. அதை ஒட்டேக்க எல்லாம், இந்த வீட்டில இருந்த ஆக்கள் எங்க என்ற நினைப்பு எனக்கு வரும். அதால நானே மட்டையில ஒரு வீடு செய்தேன். முழு வீடு. ஓட்டுக் கூரை, சுற்றிவரக் கிடுகு வேலி, முன்னுக்கு ஒரு கிணறு. கடைக்குக் கொண்டுபோய் மேசையில வைச்சேன். ரீச்சர் கேட்டார், "இதுக்கு என்ன விதி?" நான் சொன்னேன், "உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம். ஒருத்தரும் போகக்கூடாது, ஒருத்தரும் சுடக்கூடாது." அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்றார். இப்ப நான் விளையாடுற மேசை எல்லாத்திலயும் அந்த வீடு நிற்குது. படைகள் அதைச் சுற்றித்தான் போகவேணும். சும்மா சொல்லக்கூடாது, அது ஆட்டத்தைக் கடினமாக்கி, நல்லாவும் ஆக்கியிருக்கு.

எங்கட கடைக்கு வாற ஆக்களில முன்னாள் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருத்தரும் இருக்கிறார். அவர் நெப்போலியன் காலத்துப் போர்களை விளையாடுவார். தான் போன யுத்தத்தை மட்டும் மேசைக்குக் கொண்டுவர மாட்டார். நான் பச்சை நிறப் பூதங்களையும் விண்வெளிக்காரரையும் விளையாடுறேன். எங்கட ஊர் யுத்தத்தை யாராவது பெட்டியில போட்டு வித்தால் நான் வாங்க மாட்டேன். எங்க கோடு கீறுறது என்று ஒவ்வொருத்தரும் தாங்களேதான் பார்க்கவேணும். "உனக்கு ஏன் இது?" என்று கடையில ஒருத்தரும் இன்னொருத்தரைக் கேட்கிறதில்லை. கோட்டைச் சொன்னால் மதிக்கினம்.

தொடங்க விருப்பம் எண்டால்

முதல் நாளே ஒன்றும் வாங்காதேங்கோ. கடைக்குப் போய், "நான் புதுசு, ஒருக்கா விளையாடிப் பார்க்கலாமோ?" என்று கேளுங்கோ. அனேகமான கடைகளில யாரோ ஒருத்தர் தன்ர படையில பாதியைத் தந்து சொல்லித்தருவார். பிடிச்சால், 2,000 புள்ளிப் படைக்கு ஆசைப்படாமல் ஐந்து, பத்துப் பேரை வைச்சு விளையாடுற சின்ன வடிவத்தில தொடங்குங்கோ. வன் பேஜ் ரூல்ஸ் மாதிரி இலவசமா விதிகள் தாற ஆக்களும் இருக்கினம். எந்தக் கொம்பனியின்ட உருவமும் அதுக்குச் சரி. கிட்டடியில கடை இல்லாத ஆக்கள் கடதாசியில படம் வெட்டி நிறுத்திக் குசினி மேசையிலயே விளையாடலாம். ஆனால் எதிராளி ஒருத்தரைத் தேடிப் பிடியுங்கோ.

அம்மாவின்ட கதையையும் முடிச்சிடுறேன், இல்லாட்டி நாளைக்கு அதையும் கேட்பீங்கள். ஆமிக்காரரை அவ இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டைப் பார்த்திட்டு, "கிணத்துக்குத் துலா எங்கயடா?" என்று மட்டும் கேட்டா. செய்து வைச்சிருக்கிறேன்.

அடுத்த கிழமை வேறொரு விசயத்தோட சந்திப்போம். உங்கட ஊரில இப்படி ஒரு கடை இருந்தால் எழுதி அனுப்புங்கோ.