பட்டியலில் ஒரு போதகர்



இறையியல் நூல்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஒரு போதகரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவருடைய பிரசங்கத்தைப் பற்றிப் பேசத் தகுந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது புத்தகப் பட்டியலைப் பற்றி. பட்டியல் என்றதும் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள், சுருக்கமாகவே முடிக்கிறேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய லுத்தரன் போதகர்; இருபத்து நான்கைத் தொடும் வயது. இரண்டே ஆண்டில், 1708இல், தம்மிடம் சேர்ந்திருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ‘பிப்ளியோதிகா மலபாரிகா’ என்று இன்று ஆய்வாளர்கள் பேசுவது அதைத்தான். நூல்களை நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார். லுத்தரன் சபைக்காகத் தாமே எழுதியவையும் மொழிபெயர்த்தவையும் முதலில். அடுத்து கத்தோலிக்க நூல்கள். மூன்றாவது, அவர் கணக்கில் புறச்சமய நூல்கள். கடைசியில் இஸ்லாமியர் நூல்கள். மூன்றாவது பகுதியில் மட்டும் 119 நூல்கள். திருக்குறள், தொல்காப்பியம், சிவவாக்கியம் எல்லாம் அதில் உண்டு.

மதம் மாற்ற வந்தவரின் நூலகத்தில் மிகப் பெரிய பகுதி, யாரை மாற்ற வந்தாரோ அவர்களுடைய நூல்கள். மறுப்பதற்காகத்தானே படித்தார் என்று கேட்பீர்கள். ஆமாம், அந்த நோக்கம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறுக்க நினைப்பவர் எல்லாரும் இப்படிப் படிப்பதில்லை. காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை, ஒரு முதிய புலவரையும் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதுவரை படிக்காத நூல்களை மட்டும் படித்தார். இரவு ஏழு முதல் எட்டு வரை, கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, பிறர் வாசிக்கக் கேட்டார். பட்டியலிலும் வெறும் பெயரோடு நிறுத்திவிடவில்லை. நூல் எதைச் சொல்கிறது, ஊரார் அதை எப்படி மதிக்கிறார்கள் என்று குறிப்பும் எழுதினார். அதே 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார்.

கத்தோலிக்கப் பகுதி இன்னும் சுவையானது. லுத்தரன் போதகருக்குச் சேசு சபையார் எதிர்முகாம். ஆனால் அந்தச் சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606. அன்று தொடங்கி நூறாண்டு அவர்கள் உழைத்துச் செய்த தமிழ்ச் சொற்கள் இல்லாமல் சீகன்பால்கு தமிழில் ஒரு ஜெபம்கூட எழுதியிருக்க முடியாது. எதிரணியின் நூல்களைத் தனிப்பகுதியாக, பட்டியலின் இரண்டாம் இடத்தில் வைத்தார். ஒருவரின் இறையியலை அறிய, அவர் யாரோடு வாதாடினார் என்று அவருடைய அலமாரியில் தேடுவதே என் வழக்கம்.

இந்த ஏடுகள் எப்படிக் கிடைத்தன? ஆட்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடம் குறைந்த விலைக்கு வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். எனக்கு உறுத்தும் இடம் இதுதான். முந்நூறு ஆண்டு கழிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. போதகர் காலமானதும் குருமனையைக் காலி செய்தாக வேண்டும், பிள்ளைகள் வெளியூரில், அம்மா தனியாக நின்று, கிலோக்கணக்கில் எடைபோடும் கடைக்காரரிடம் பேரம் பேசுகிறார். இறையியலாளர் கார்ல் பார்த்தின் ‘சபைக் கோட்பாட்டியல்’ பதின்மூன்று கட்டுகளும் நல்ல எடைதான் காட்டும்.

இப்படிப் போகும் நூல்களுக்கு ஒரு பட்டியலாவது போடலாம் என்றால், அதிலும் சிக்கல்கள் வரும். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியம் ‘இரட்சணிய யாத்திரிகம்’, 1894இல் வந்தது. அதை எங்கே வைப்பது? நூலகங்களின் ட்யூயி பகுப்பு முறையில் கிறிஸ்தவ இறையியலுக்கு 230, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நடுவே ஆறு அலமாரி தூரம். பிற்காலத்தில் கோவைப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் ஒரு நூல் எழுதினார். ஆழ்வார், நாயன்மார் பக்கத்தில் வைத்தால் கல்லூரி நூலகர் கோபிப்பார். பார்த்தின் பக்கத்தில் வைத்தால் அப்பாசாமியே கோபிப்பார். ட்யூயி, இருநூறுகளில் பெரும்பகுதியைக் கிறிஸ்தவத்துக்குக் கொடுத்துவிட்டு, உலகின் மற்ற சமயங்களையெல்லாம் 290க்குள் திணித்தவர். தரங்கம்பாடிக்குப் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பில் சமயத்துக்கு க்யூ என்ற எழுத்தை வைத்து, அதற்குள் கிறிஸ்தவத்துக்கு ஆறாம் எண் கொடுத்தார். நம் ஊர் வீட்டு நூலகத்துக்கு ரங்கநாதனே பொருத்தம் என்பது என் கட்சி.

சீகன்பால்கின் நூலகம் இன்று தரங்கம்பாடியில் இல்லை. பட்டியல் இருக்கிறது, ஒரு படி லண்டனில், ஸ்லோன் தொகுப்பில். வில் ஸ்வீட்மேனும் ஆர். இலக்குவனும் அதை ஆராய்ந்து, 2012இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலத்தில் பதிப்பித்தார்கள். 1708இல் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் என்ன படித்தார்கள், எந்தச் சமய நூல் கைக்குக் கை போயிற்று என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் மிகச் சில சாட்சிகளில் அது ஒன்று.

ஆகவே போதகர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகங்களை அரசரடி இறையியல் கல்லூரிக்கோ சென்னை குருகுலத்துக்கோ கொடுப்பதாக இருந்தாலும், கொடுப்பதற்கு முன் ஒரு நீளநோட்டு வாங்கி, அலமாரியில் இருக்கும் வரிசை கலையாமல் ஒவ்வொன்றாக எழுதுங்கள். முதல் பக்கத்தில் அப்பா எழுதிய தேதி, ஊர், விலை. ஓரத்தில் அவர் போட்ட கேள்விக்குறி. உள்ளே செருகிய பிரசங்கக் குறிப்பு. எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். நூலகங்கள் இரண்டாம் படியைக் கழித்துவிடும், அட்டையை மாற்றிவிடும். நோட்டுக்கு ஒரு நகல் எடுத்து நூல்களோடு கொடுங்கள். அசல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.