இடியும் கொட்டகைகளும் நம் வரலாறும்: தங்கவயலை முன்வைத்து



நினைவுப் பொழிவு என்றால் மறைந்த மனிதர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் கட்டடங்களைப் பற்றிப் பேசுகிறோம். கோலார் தங்கவயலில் சுரங்க வாய்களின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், கூண்டை இறக்கி ஏற்றிய எந்திர வீடுகள், தாது அரைத்த ஆலைகள், லைன் வீடுகள். இவையும் மறைந்துகொண்டிருக்கின்றன.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சித்தூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து நம் முன்னோர் பஞ்சத்தையும் பண்ணையடிமைத்தனத்தையும் விட்டு அங்கே போனார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது எந்திரங்களுக்காக. மனிதர்களுக்குக் கிடைத்தவை பாறை வெடிப்பும் நுரையீரலில் படிந்த கல்தூளும்.

ஆனால் அந்த மண்ணில் வேறொன்றும் விளைந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழைத் தாங்கிப் பிடித்ததில் தங்கவயல் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர் மறைவுக்குப் பின் 'தமிழன்' இதழை அங்கிருந்து நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நின்றது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பாதாளத்தில் உழைத்தவர்கள் கொடுத்த காசில் வளர்ந்தது நம் அறிவு மரபு.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அதே 2001இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில், 1986இல் மூடப்பட்ட சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அங்கே நிலக்கரி கழுவிய கட்டடம் இப்போது அருங்காட்சியகம். நம் சுரங்கத்துக் கட்டடங்களோ பழைய இரும்பின் விலைக்கு மதிப்பிடப்படுகின்றன.

ஒரு கட்டடம் எப்படிச் சாகிறது என்று கவனியுங்கள். முதலில் கூரைத் தகடு போகும். மழை உள்ளே இறங்கும். உத்திரம் துருப்பிடிக்கும், சுண்ணாம்புச் சாந்து கரையும். சுவர் வெடிப்பில் அரசங்கன்று வேர்விடும். பிறகு ஒரு நாள் அதிகாரிகள் வந்து, 'ஆபத்தான கட்டடம், இடிக்க வேண்டும்' என்பார்கள். கூரையைப் பழுதுபார்க்காமல் விட்டது யார் என்ற கேள்வி அந்தக் கோப்பில் இருக்காது.

இரும்பை வெட்டி விற்பவர்களைத் திருடர் என்பது எளிது. வேலையைப் பறித்துவிட்டு ஊரைக் கைவிட்டால், பசித்தவன் கையில் கிடைப்பதை விற்பான். பிழைப்புக்காகக் கைவிட்ட சுரங்கத்தில் இறங்கி உயிரைவிட்ட இளைஞர்களும் உண்டு. ஆகவே காவல்காரரை நிறுத்துவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பழுதுபார்க்கும் வேலையையும் காக்கும் வேலையையும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுக்க வேண்டும்.

'வேதனையின் இடத்தை ஏன் காக்க வேண்டும், இடிந்து போகட்டுமே' என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. நாம் சொல்லும் பதில் இது: கோயிலும் கோட்டையும் அரசர் பெயரைச் சொல்ல நிற்கின்றன. துரைமாரின் பங்களாவையும் கிளப்பையும் காட்டி 'குட்டி இங்கிலாந்து' என்று பெருமை பேச ஆள் இருக்கிறது. கூண்டில் இறங்கியவனின் பெயரைச் சொல்ல இந்தக் கொட்டகைகளைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவை போனால், நாம் அங்கே உழைத்ததற்கே சாட்சி கேட்பார்கள்.

இன்னொன்றிலும் விழிப்பு வேண்டும். பாரம்பரியம் என்ற பெயரில் லைன் வீடுகளில் வாழ்வோரை வெளியேற்றிவிட்டு உல்லாச விடுதி கட்ட வருவார்கள். குடியிருப்போரின் மனையுரிமைதான் முதல் கோரிக்கை. சயனைடு மலைகளிலிருந்து பறக்கும் தூசியைத் தடுப்பது இரண்டாவது. கட்டடப் பாதுகாப்பு இவ்விரண்டோடும் சேர்ந்தே வரவேண்டும்.

நூறாண்டு கடந்த கட்டடங்களைக் காக்க 1958ஆம் ஆண்டின் ஒன்றியத் தொல்லியல் சட்டத்தில் இடமுண்டு. கேட்க ஆள் வேண்டும். மாணவர்கள் இந்த ஆண்டே மூன்று வேலைகளைத் தொடங்கலாம். ஒவ்வொரு கட்டடத்தையும் வெளியிலிருந்து படமெடுத்து, நாளிட்டுப் பதியுங்கள். சுரங்க வாய்க்குள் இறங்காதீர்கள். ஓய்வுபெற்ற தொழிலாளர்களிடம் எந்தக் கட்டடத்தில் என்ன வேலை நடந்தது என்று கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். வருகைப் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டு, சம்பளச் சீட்டு எது வீட்டில் இருந்தாலும் நகலெடுங்கள். கட்டடம் கரைந்தாலும் அந்தத் தாள்கள் இழப்பீட்டு வழக்கில் பேசும்.

பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் தோண்டிய மக்களின் பிள்ளைகள் நாம். மண்ணுக்கு மேலே நிற்கும் நான்கு சுவரைக் காப்பது நம்மால் ஆகாத காரியமல்ல.

ஜெய்பீம்.