தொட்டிலும் வாக்குப்பெட்டியும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பிள்ளை பிறந்தால் பெற்றோரின் வாக்கு மாறுமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குக் குடும்ப விவகாரமாகத் தோன்றும். ஏங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ நூலின் முன்னுரை, பொருள் உற்பத்தியோடு மனிதரின் மறுஉற்பத்தியையும் வரலாற்றை நிர்ணயிக்கும் காரணியாக வைக்கிறது. எனவே தொட்டில் அரசியலுக்கு வெளியே இல்லை.

1962 மக்களவைத் தேர்தலில் பெண்களின் வாக்குப்பதிவு ஆண்களைவிட ஏறத்தாழ 17 சதவீதப் புள்ளிகள் குறைவு. 2019இல் பெண்கள் முதன்முறையாக முந்தினர். 2024இலும் பெண்கள் 65.78 சதவீதம், ஆண்கள் 65.55 சதவீதம். தேர்தல் ஆணையத்தின் கணக்கில் பாலினம் உண்டு. பெற்றோரா என்ற விவரம் இல்லை. அதை வாழ்நிலையிலிருந்தே அறிய வேண்டும்.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிடுகிறார். அதே வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். குழந்தை பிறந்ததும் தாய்க்கு அரசு என்பது அங்கன்வாடி, தடுப்பூசி, ரேஷன் கடை, பள்ளிச் சத்துணவு ஆகிவிடுகிறது. தந்தைக்கோ குழந்தை என்பது கூடுதல் கூலி தேடும் கட்டாயம். ஒரே பிறப்பு இருவரையும் இரு வேறு வாசல்களில் நிறுத்துகிறது. இதற்குக் காரணம் தாய்மையின் இயல்பன்று; உழைப்புப் பிரிவினையே.

பீகார் இதற்குத் தெளிவான சான்று. 2015 சட்டமன்றத் தேர்தலில் அங்கே பெண்கள் 60 சதவீதத்துக்கு மேலும், ஆண்கள் 53 சதவீத அளவிலும் வாக்களித்தனர். 2006இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டம் மகளின் படிப்பைத் தேர்தல் பேச்சாக்கியது. குடியால் கூலி கரைந்த வீடுகளின் தாய்மார்களுக்கு மதுவிலக்கு வாக்குறுதி பெரிதாயிற்று. ஆனால் அந்த இடைவெளி முழுவதையும் பெண் விழிப்புணர்வு என்று கொண்டாடுவது பிழை. பிள்ளைகளின் பசிக்கும் கடனுக்கும் சூரத், டெல்லி, திருப்பூர் என்று புறப்பட்ட தந்தையரின் பெயர்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தன, ஆட்கள் இல்லை. உள்நாட்டுப் புலம்பெயர் தொழிலாளிக்கு அஞ்சல் வாக்கு கிடையாது. தந்தையான பொறுப்பே அவரது வாக்கைப் பறிக்கிறது.

ஆளும் வர்க்கக் கட்சிகள் தாயின் வாக்கை நன்கு கணக்கிட்டுள்ளன. மத்தியப் பிரதேசத்தில் 2023இலும் மகாராஷ்டிரத்தில் 2024இலும் தேர்தலை ஒட்டிப் பெண்களுக்கு மாதத் தொகை வந்தது. வறிய வீட்டில் அத்தொகை உண்மையான உதவி. அதை ஏளனம் செய்பவர் அவ்வீட்டை அறியாதவர். ஆனால் சலுகை வேறு, உரிமை வேறு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் மகப்பேற்றுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்று உறுதியளித்தது. 2017இல் வந்த ஒன்றியத் திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும், 5,000 ரூபாய் என்று சுருக்கியது. அதே ஆண்டில் மகப்பேறு விடுப்பு 26 வாரமாயிற்று. வயலிலும் செங்கல் சூளையிலும் வீட்டு வேலையிலும் உழைப்பவளுக்கு அதில் ஒரு நாளும் இல்லை. அங்கன்வாடி ஊழியருக்கு இன்றும் ஊதியமில்லை, மதிப்பூதியமே.

ஆகவே கட்சிக் கிளைகளின் கடமை மூன்று. குழந்தைக் காப்பகம், மகப்பேற்று உரிமை, அங்கன்வாடி ஊழியரின் ஊதியம் ஆகியவற்றை மாதர் அமைப்பின் கோரிக்கையென ஒதுக்காமல் வர்க்கக் கோரிக்கையாக எழுப்புவது ஒன்று. புலம்பெயர் தொழிலாளியின் வாக்குரிமைக்குப் போராடுவது இரண்டு. மூன்றாவது, கிளைக் கூட்டத்தின் நேரம். அடுப்பு எரியும் வேளையில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லையென அறிக்கை எழுதுவது முறையன்று. கூட்டத்துக்கு வரும் ஆண் தோழர் வீட்டில் யாருடைய உழைப்பை விட்டுவிட்டு வருகிறார் என்பதும் அமைப்புப் பிரச்சினையே.

தாயின் வாக்கை விலைபேசுவோரிடமிருந்து அதை மீட்க அறிவுரை போதாது. பிள்ளையை வளர்க்கும் சுமையைச் சமூகம் ஏற்க வேண்டும் என்ற போராட்டத்தில் அவளோடு நிற்பதே வழி.