விரல் தோல் உரிந்தால் முதலில் காய்ச்சலை நினையுங்கள்



1995 ஒக்டோபர் கடைசியில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன சனம், ஆறு மாதம் கழித்து இணுவிலுக்குத் திரும்பியிருக்கிறோம். வந்த நாள் முதல் கிணறு இறைப்பும் வீடு கழுவலும்தான். பிள்ளைகளும் கூட நின்று கழுவுகிறார்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது; இன்னும் கொஞ்சம் போட்டு உரஞ்சுவோம். அதோடு குளோரின் தண்ணீரும் பட்டால் விரல் தோல் காய்ந்து உரியும். குளோரின் வாளியைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். கையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் அல்லது வசிலீன் பூசுங்கள். விரல் சூப்புகிற பிள்ளைக்கும் தோல் உரியும். அதுவும் பயப்படும் விஷயமல்ல.

ஆனால் எண்ணெய்ப் போத்தலை எடுக்குமுன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். போன இரண்டு மூன்று கிழமைக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததா?

தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, தடவினால் மணல்போலச் சொரசொரக்கும் சிவப்பு உடம்பெல்லாம் பரவி, அது அடங்கிய பிறகு விரல் நுனி உரிந்தால் செங்காய்ச்சலாக இருக்கலாம். சின்னமுத்து என்று வேப்பிலை வைத்து வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். இது கிருமியால் வருவது, பென்சிலினுக்குக் கேட்கும். பத்து நாளுக்கு மருந்து தந்தால் பத்து நாளும் கொடுங்கள். பாதியில் விட்டால் பிறகு வாதக்காய்ச்சல் வந்து இதயத்தைப் பிடிக்கலாம். நெருக்கத்தில் இருந்தபோது தொற்றின சிரங்கிலும் இந்தக் கிருமி சேரும். முகம் வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு நோய் அரிது. 1967இல் யப்பானிய வைத்தியர் தொமிசாக்கு கவாசாக்கி அதைப்பற்றி எழுதினார். அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வரும். ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடாது. பீளை தள்ளாமலே இரண்டு கண்ணும் சிவக்கும். உதடு வெடிக்கும், நாக்கு சிவக்கும், கைகால் வீங்கும், கழுத்தில் நெறி கட்டும். எல்லாம் ஒரே நாளில் வராது. நகத்தடியிலிருந்து தோல் உரிவது இரண்டாம் மூன்றாம் கிழமையில்தான். அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும், பிள்ளை முற்றத்தில் ஓடித் திரியும், எங்களுக்கும் மனம் ஆறியிருக்கும். ஆனால் மருந்து கிடைக்காத பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் பழுதாகிறது. முதல் பத்து நாளுக்குள் உரிய மருந்தை ஏற்றினால் அந்த ஆபத்து நன்றாகக் குறையும். ஆகவே தோல் உரியும்வரை பார்த்திருக்க வேண்டாம். உரிந்த பிறகுதான் நினைவு வந்தது என்றாலும் கொண்டுபோங்கள். இதயத்தைச் சோதிக்க வேண்டும்.

காய்ச்சலுக்கு நீங்களாக டிஸ்பிரின் கொடுக்க வேண்டாம். பிள்ளையின் மருத்துவ அட்டை இடம்பெயர்வில் தொலைந்திருந்தால், காய்ச்சல் தொடங்கிய நாள், நின்ற நாள், கொடுத்த மருந்து மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள்.