வகுப்பு முடிந்ததும் கேட்கும் கேள்வி

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வகுப்பு முடிகிற நேரம், பஸ்ஸுக்கு நாழியாகிறது. அப்பொழுது நாம் மேடையில் நின்றுகொண்டு, "வகுப்பு எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். "ரொம்ப நல்லா இருந்ததுங்க" என்று பதில் வருகிறது. அதை நோட்டில் எழுதிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

ஒளிப்பானேன்? சென்ற வகுப்பில் நாம் செய்ததும் இதுதான். சம்பளச் சீட்டைச் சரிபார்க்கும் முறை பலருக்கு விளங்கவேயில்லை என்பதை, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாள் சொல்லித்தான் அறிந்தோம். "அங்கேயே கேட்டிருக்கலாமே அம்மா?" என்றோம். "கிராணி ஐயா பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு, எப்படிங்க கேக்கிறது?" என்றார். இங்கே வந்திருக்கும் கிராணிமார் கோபிக்கவேண்டாம். குற்றம் உங்களுடையதன்று, நாம் கேட்ட விதத்தினுடையது.

இதே கிள்ளானில் 1941ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழியவேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு இன்னொன்று: துரைமாரையும் தோட்ட உத்தியோகஸ்தர்களையும் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் நீங்கவேண்டும்! எந்தக் கேள்வித்தாளில் இதற்கு இடம் இருந்திருக்கும்? "கூலி போதுமா?" என்று மட்டும் கேட்டிருந்தால் கூலியைப் பற்றித்தான் பதில் கிடைத்திருக்கும். சைக்கிளின் அவமானம் லயத்து வாசலில் தாங்களாகப் பேசுகிறபோதுதான் வெளிவரும்.

அமெரிக்காவில் டொனால்டு கிர்க்பாட்ரிக் என்பவர் 1959இல் பயிற்சியை அளக்க நான்கு கேள்விகள் வகுத்தார். பிடித்ததா? கற்றார்களா? வேலையிடத்தில் செய்கிறார்களா? அதனால் பலன் விளைந்ததா? நாமோ முதற் கேள்வியோடு பஸ் ஏறிவிடுகிறோம்! இனிச் சில மாதம் கழித்து, சம்பள நாளன்று தோட்டத்துக்கே வந்து, "சீட்டைப் பார்த்தீர்களா? பிழை கண்டீர்களா?" என்று கேட்கப்போகிறோம்.

இன்று செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறோம். திரைக்குப் பின்னால் இரண்டு மங்குகள் இருக்கின்றன. விளங்கியவர்கள் வலப்பக்க மங்கில் ஒரு ரப்பர் கொட்டையைப் போடுங்கள், விளங்காதவர்கள் இடப்பக்கத்தில். எழுத்தறிவு வேண்டாம், பெயரும் வேண்டாம். எது விளங்கவில்லை என்பதைக் கொட்டை சொல்லாதல்லவா? ஆகவே பெண்கள் தனியாகவும் ஆண்கள் தனியாகவும் ஐந்தைந்து பேராக உட்கார்ந்து பேசுங்கள். உங்களில் ஒருவர் வந்து பெயர் சொல்லாமல் குறைகளை மட்டும் சொல்லட்டும். அடுத்த வகுப்பில் முதல் வேலையாக அவற்றை வாசித்து, எதைத் திருத்தினோம், எதைத் திருத்தவில்லை என்று கணக்குக் கொடுப்போம்.

நீங்கள் பேசுகிற அரைமணி நேரம் நாமும் கிராணிமாரும் வெளியே தேநீர் அருந்திக்கொண்டிருப்போம். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.