முதல் தட்டும் கேட்கும் செவியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘முதல் படைப்பு’ என்னும் பொருளில் பேசுமாறு அமைப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். நம் மூத்த கவிஞர்களின் முதல் தொகுதிகளைப் பற்றி நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டதோ இங்கிலாந்தில் நான்கு இளைஞர்கள் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் இசைத்தட்டு. குழுவின் பெயர் ஜாய் டிவிஷன். தட்டின் பெயர் ‘அன்நோன் ப்ளெஷர்ஸ்’. அறியாத இன்பங்கள் என்று பொருள். ராக் இசைக்கும் இலக்கிய வட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். உரையின் முடிவில் அது விளங்காவிடில் குற்றம் என்னுடையது.

இவ்வகைக் குழுக்களின் இசையை ‘இண்டி ராக்’ என்கிறார்கள். ‘இண்டிபெண்டன்ட்’ என்னும் சொல்லின் சுருக்கமே ‘இண்டி’. பெருநிறுவனங்களைச் சாராமல், சிறு முதலைக் கொண்டு, தம் மனம்போலத் தட்டு வெளியிட்டவர்களைக் குறிக்க எழுந்த பெயர் அது. நாம் ‘சிற்றிதழ்’ என்று சொல்லும்போது எதைக் கருதுகிறோமோ, ஏறக்குறைய அதையே அவர்கள் இச்சொல்லால் கருதினார்கள்.

மான்செஸ்டர் நகரில் 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் குழுவின் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வந்திருந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் இருவர் சால்ஃபோர்டைச் சேர்ந்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும். பெரிய வித்தகம் இல்லாதவரும் மேடையேறலாம் என்ற துணிவு அன்று அவர்களுக்குப் பிறந்தது. ஹூக் தம் தாயிடம் கடன் பெற்று ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். பின்னர் மேக்கிள்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த இயன் கர்ட்டிஸ் பாடகராகவும், ஸ்டீபன் மாரிஸ் டிரம் வாசிப்பவராகவும் சேர்ந்தனர். பாடல்வரிகளை எழுதியவர் கர்ட்டிஸ். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உடற்குறை உள்ளோர்க்கு வேலை தேடித் தரும் பிரிவில் அவர் ஊழியர்; இளவயதிலேயே மணமானவர். பகலில் கோப்பு, இரவில் பாட்டு என்னும் அந்த இரட்டை வாழ்க்கை இங்குள்ள பலருக்குப் புதிதன்று.

குழுவின் பெயர் நாஜி வதைமுகாம் பற்றிய ஒரு நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. முகாமில் பெண்கள் சீரழிக்கப்பட்ட பகுதிக்கு அந்நாவல் தந்த பெயர் அது. அதற்காகக் குழு கண்டனத்துக்கு உள்ளானது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. இளமையின் துணிச்சலில் அறியாமையும் கலந்திருக்கும் என்பதற்கு இதுவும் சான்று.

1978இல் ஒரு பெருநிறுவனத்தை நம்பி அவர்கள் ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அதில் தங்களுக்குப் பிடிக்காத மின்னிசை ஒலிகள் சேர்க்கப்பட்டதைக் கண்டு அதைக் கைவிட்டார்கள். பிறகு மான்செஸ்டரில் அப்போதுதான் தோன்றியிருந்த ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை நாடினார்கள். அதை நடத்தியவர்களுள் ஒருவரான டோனி வில்சன், கிரனாடா தொலைக்காட்சியில் பணியாற்றியவர். தம் சேமிப்பிலிருந்து ஏறத்தாழ 8,500 பவுண்டு எடுத்து 10,000 பிரதிகள் அச்சிடத் துணிந்தார். மனைவியின் வளையலை அடகு வைத்துத் தொகுதி அச்சிட்ட நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த 8,500 பவுண்டின் கனம் அவர்களுக்கு விளங்கும்.

1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டில் உள்ள ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்தது. பத்துப் பாடல்கள். ஒலிப்பதிவை நெறிப்படுத்தியவர் மார்ட்டின் ஹானட், வேதியியல் படித்தவர். மேடையில் இக்குழு இடிமுழக்கம்போல வாசிக்கும். ஹானட்டோ அம்முழக்கத்தைப் பிரித்தெடுத்தார். டிரம்மின் ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே கேட்கும்படி பதிவு செய்யச் சொன்னார். அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் கருவியால் ஒலிகளுக்கு எதிரொலியும் இடைவெளியும் தந்தார். ஒரு பாடலில் கட்டடத்தின் லிஃப்ட் ஓசை. ஒரு பாடலில் கண்ணாடி உடையும் ஓசை. மற்றொன்றில் ஸ்பிரே குப்பியின் சீறல். ஆளில்லாத பெரிய கூடத்தில் தொலைவிலிருந்து யாரோ பாடுவது போன்ற ஒலி அதனால் அமைந்தது.

முடிந்த தட்டைக் கேட்ட சம்னருக்கும் ஹூக்குக்கும் அது பிடிக்கவில்லை. தங்கள் வேகமும் ஆவேசமும் காணாமற் போயின என்று குறைப்பட்டார்கள். ஆனால் இன்று அத்தட்டை உலகம் கேட்பது ஹானட் தந்த அந்த வெற்றிடத்துக்காகவுந்தான். ஹூக்கே பின்னாளில் இதை ஒப்புக்கொண்டார்.

இங்கே சற்று நிற்கிறேன். நம் தொகை நூல்களுக்குத் தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் ஒருவர் என்று குறிக்கும் மரபு உண்டு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடியவர் ஒருவரால் மட்டும் நூல் ஆவதில்லை என்பதை நம் முன்னோர் பதிவு செய்தே வைத்தனர். அவ்வகையில் வில்சன் தொகுப்பித்தவர், ஹானட் தொகுத்தவர். நாமோ முதல் தொகுதியைச் செப்பம் செய்ய எவரிடமும் தருவதில்லை. தந்தாலும், ஒரு வரியை நீக்கச் சொன்னால் நட்பையே நீக்கிவிடுகிறோம். தன் படைப்பு தனக்குப் பிடிக்காத வடிவிலும் சிறக்கக்கூடும் என்னும் சாத்தியத்தை ஏற்கும் மனம் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

தட்டின் உறையைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பு நிறம், நடுவே மலைத்தொடர் போன்ற வெள்ளைக் கோடுகள். முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜாஸ்லின் பெல் கண்டறிந்த முதல் துடிப்பு விண்மீனின் ரேடியோ அலைத்துடிப்புகளே அக்கோடுகள். வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து குழுவினர் அப்படத்தை எடுத்துக் கொடுக்க, பீட்டர் சாவில் அதைக் கறுப்பில் வெள்ளையாக மாற்றி அமைத்தார். பெயர் அறியப்படாமல், தம் உவமையாலேயே செம்புலப்பெயல்நீரார் என்று வழங்கப்படும் புலவரைப் போற்றும் நாம், நம் தொகுதிகளின் அட்டையில் பெயரை எவ்வளவு பெரிதாக அச்சிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1979 ஜூனில் தட்டு வெளிவந்தது. விமரிசகர்கள் பாராட்டினார்கள், விற்பனை மெல்லத்தான் நடந்தது. இத்துடன் முடிந்தால் இது இனிய கதை. ஆனால் நான் இதைத் தேர்ந்ததற்குக் காரணம் இனிமேல் சொல்லவிருப்பதே.

1978 டிசம்பர் இறுதியில் கர்ட்டிஸுக்கு வலிப்பு வந்தது. 1979 ஜனவரியில் அது கால்கை வலிப்பு நோய் என்று உறுதியாயிற்று. மூன்று மாதங்களில் ஒலிப்பதிவு. அதே ஏப்ரலில் மகளும் பிறந்தாள். தட்டிலுள்ள ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ என்னும் பாடல், அவர் அலுவலகத்துக்கு வேலை தேடி வந்துபோன, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணைப் பற்றியது. அப்பெண் பின்னர் இறந்துபோனதைக் கர்ட்டிஸ் அறிந்தார். பிறர் நோயைப் பாடிய பாட்டு தம் நோயின் பாட்டாகவும் மாற, அதை அவர் மேடைதோறும் பாடினார். சில மேடைகளில் பாடும்போதே வலிப்பும் வந்தது. நடன அசைவு எது, நோயின் அசைவு எது என்று கூட்டத்துக்குப் பிரித்தறிய இயலவில்லை.

1980 மே 18 அன்று, குழுவின் முதல் அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்னும் பெயரில் தொடர்ந்து இசைத்தனர். அவர் வரிகளை நாங்கள் உற்றுக் கேட்கவில்லை, வேறு யாரையோ பற்றி எழுதுகிறார் என்றே எண்ணினோம் என்று அவர்கள் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். இளைஞர்கள், தத்தம் கருவியில் மூழ்கியவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டத்தில் ஒரு நண்பர் கவிதை வாசித்தார். பற்றாத அடுப்பைப் பற்றிய சிறு கவிதை. அடுப்பு என்பது தேய்ந்துபோன படிமம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். அது பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தோம். மேற்கோள்கள் பறந்தன. நண்பர் புன்னகையுடன் குறித்துக்கொண்டார். வேலையிழந்து நான்கு திங்களாக அவர் வீட்டு அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது என்பது எங்களுக்குப் பின்னரே தெரியவந்தது. எழுந்து பேசிய அந்த ஒருவன் நான். நண்பர் இன்று நலமாக இருக்கிறார். இந்த அரங்கிலும் இருக்கிறார். அவர் இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன்.

கவிதையைக் கவிஞனின் வாழ்க்கைக் குறிப்பாகப் படிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அந்தத் தட்டு சிறந்தது கர்ட்டிஸ் இறந்ததால் அன்று. அவர் வாழ்ந்தபோதே அது சிறந்திருந்தது. சாவைக் காட்டிப் படைப்பை உயர்த்துவது படைப்புக்கும் இழுக்கு, மனிதனுக்கும் இழுக்கு. படிமம் தேய்ந்தது என்றால் தேய்ந்தது என்று சொல்லத்தான் வேண்டும். அதற்காகவே வட்டம் கூடுகிறது. ஆனால் விமரிசனம் முடிந்த பிறகும் வட்டத்துக்கு ஒரு கடமை எஞ்சியிருக்கிறது.

பதினோராம் ஆண்டில் நுழையும் நம் வட்டத்துக்கு என் வேண்டுகோள் சிறியது. தீர்மானமாக நிறைவேற்ற வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து தேநீர் தரும்போது, அன்று கவிதை வாசித்தவரின் அருகில் யாரேனும் ஒருவர் போய் அமர வேண்டும். கவிதையைப் பற்றிப் பேசாமல், “வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்க வேண்டும். விடை வரும்வரை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும்.