களிமண் ஏடுகளும் இரும்பு விலங்கும்



'பண்டைய நாகரிகங்களும் அரசர்களும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. எகிப்து, சீனம், கிரேக்கம், உரோமை என வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அப்படிச் சொன்னால் ஒரு மணி நேரம் கழியுமே அன்றி ஒன்றும் மனத்தில் நில்லாது. ஆகவே ஒரே ஓர் அரசனைப் பற்றி மட்டும் பேச எண்ணுகின்றேன். அவனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவனும் நம்மைப் போல் ஏடுகளை நேசித்தவன்.

உலகின் முதல் நூலகத்தை அமைத்தவர் யார் என்றொரு வினா பொது அறிவு நூல்களில் வருவதுண்டு. அசீரிய மன்னன் அசூர்பனிபால் என்பது அவை தரும் விடை. இவ்விடை சரியன்று. சிரியாவின் எப்லா நகரில் 1975ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் ஏடுகள் அவனுக்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் முற்பட்டவை. ஆயினும் என் குறை அதுவன்று. அந்த ஒற்றை வரி விடை அவனை ஓர் அருளாளனைப் போல நம் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுகின்றது.

கி.மு. 669 அளவில் அரியணை ஏறியவன் அசூர்பனிபால். அவன் தலைநகர் நினிவே, இன்றைய ஈராக்கின் மோசூல் நகருக்கு எதிரே டைகிரிஸ் ஆற்றின் கீழ்க்கரையில் இருந்தது. அக்கால மன்னர் பலர்க்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை. படிப்பதற்கும் எழுதுவதற்கும் எழுத்தர் இருந்தனர். இவனோ தானே கற்றவன் என்று பெருமை பேசினான். அவன் காலத்திலேயே வழக்கொழிந்து பழமொழியாகிவிட்டிருந்த சுமேரிய மொழியையும், ஊழிவெள்ளத்துக்கு முற்பட்ட கற்களின் எழுத்துகளையும் படிக்கவல்லவன் என்று தன் சாசனங்களில் எழுதி வைத்தான். அவன் சிங்க வேட்டையாடும் புடைப்புச் சிற்பங்களில் இடைக்கச்சையில் எழுத்தாணி செருகியிருப்பதைக் காணலாம். சிங்கத்தைக் கொல்லப் போகும்போதும் எழுத்தாணி! கவிஞர்கள் பொறாமைப்படத் தக்க காட்சிதான்.

கி.மு. 612இல் பாபிலோனியரும் மீதியரும் சேர்ந்து நினிவேயைத் தீக்கிரையாக்கினர். மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதப்பட்டிருந்தவை எரிந்து போயின. களிமண் ஏடுகளோ சூளையில் இட்ட செங்கல்லாக அத்தீயிலேயே இறுகின. பகைவர் மூட்டிய தீயே அவற்றைக் காத்தது எனலாம். ஓலையை நம்பியிருந்த நமக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் எதையும் எந்த அகழ்வாய்வும் மீட்டுத் தரப் போவதில்லை.

நினிவே மேட்டைத் தோண்டியவர்களுள் ஒருவர் மோசூலில் பிறந்த ஓர்மசுத் இரசாம். 1853ஆம் ஆண்டு டிசம்பரில் அசூர்பனிபாலின் அரண்மனையைக் கண்டுபிடித்தவர் அவரே. அந்நகரில் கிடைத்த ஏடுகளும் உடைந்த துண்டுகளுமாக ஏறத்தாழ 30,000 இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1872இல் ஜார்ஜ் சிமித் என்பவர் அத்துண்டுகளுள் ஊழிவெள்ளக் கதையைப் படித்தறிந்தார். உலகம் கில்காமேஷ் காப்பியத்தை மீண்டும் பெற்றது அவ்வாறுதான்.

அக்காப்பியத்தின் உயிர்நாடி ஓர் அழுகை. ஊருக் நகரத்து மன்னன் கில்காமேஷ் உடன்பிறப்பினும் மேலாக நேசித்த தோழன் என்கிடுவை நோய்க்குப் பறிகொடுக்கின்றான். ஆறு பகலும் ஏழு இரவும் உடலை அடக்கம் செய்ய விடாது அழுகின்றான். பிணத்தின் மூக்கிலிருந்து புழு விழுந்த பிறகே கைவிடுகின்றான். தானும் இவ்வாறு ஆவோமோ என்னும் அச்சம் பற்றிக்கொள்ள, சாவாமை தேடி உலகின் எல்லைவரை அலைகின்றான். அரிதிற் பெற்ற மூலிகையைப் பாம்பு கவர்ந்து செல்கின்றது. வெறுங்கையோடு ஊர் திரும்பித் தன் நகரத்து மதிலைக் காட்டி நிற்கின்றான். மனிதனுக்கு விதிக்கப்பட்டது சாவு, எஞ்சுவது அவன் செய்த வேலை என்னும் மெய்யியலை இதைவிட எளிதாகச் சொன்ன பழங்காப்பியம் வேறொன்றை நான் அறியேன்.

இக்காப்பியத்தைத் தன் அரண்மனையில் படியெடுத்து வைத்திருந்தவன், படிக்கவும் தெரிந்தவன், தன் உடன்பிறந்தானை என்ன செய்தான்? பாபிலோனை ஆண்டுவந்த சமாசு-சும்-உகின் கி.மு. 652இல் இவனுக்கு எதிராகக் கிளர்ந்தான். நகரம் முற்றுகைக்குள்ளாயிற்று. பட்டினியால் மக்கள் தம் பிள்ளைகளின் ஊனையே தின்றனர் என்று அசூர்பனிபாலின் சாசனமே கூறுகின்றது. அதைச் சொல்வதில் அவனுக்குக் கூச்சமில்லை. கி.மு. 648இல் நகரம் வீழ்ந்தது. உடன்பிறந்தான் தீயில் மாண்டான். தெய்வங்களே அவனை எரியும் நெருப்பில் எறிந்தன என்று எழுதிவிட்டு மேலே செல்கின்றது சாசனம். என்கிடுவுக்காக ஏழு இரவு அழுத காப்பியம் இருந்த அரண்மனையில் இந்தச் சாவுக்கு ஒரு சொல் அழுகையும் இல்லை.

இன்னொரு சிற்பம். திராட்சைக் கொடி நிழலில் மன்னன் சாய்ந்து மது அருந்துகின்றான். எதிரே அரசி அமர்ந்திருக்கின்றாள். யாழிசை ஒலிக்கின்றது. இடப்புறத்து மரக்கிளையைக் கூர்ந்து நோக்கினால் அங்கே ஒரு தலை தொங்குகின்றது. போரில் வெட்டப்பட்ட ஏலம் நாட்டரசன் தெயும்மானின் தலை அது. செதுக்கிய சிற்பி பறவைகளையும் கொடியையும் அத்தலையையும் ஒரே நுணுக்கத்தோடுதான் செதுக்கியிருக்கின்றான்.

இதனை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "அம்மா, காப்பியம் படித்தவன் இப்படிச் செய்வானா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இலக்கியம் உள்ளத்தை உருக்கும், மனிதனைப் பண்படுத்தும் என்று அதே வகுப்பில் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவள் நான். அன்று மணி அடித்தது எனக்கு உதவியாயிற்று.

பிறகு எண்ணிப் பார்த்தேன். அவன் ஏடுகளை எவ்வாறு சேர்த்தான் என்பதில் விடையின் ஒரு பகுதி இருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. பாபிலோன் வீழ்ந்த மறு ஆண்டாகிய கி.மு. 647இல் அரண்மனைக்கு வந்து சேர்ந்த ஏடுகளின் கணக்கு கிடைத்துள்ளது. ஏறத்தாழ 2,000 களிமண் ஏடுகள், 300 மரப்பலகைகள். தோற்ற நாட்டின் பூசகர், மருத்துவர், நிமித்திகர் வீடுகளில் இருந்தவை அவை. பல தலைமுறையாகக் குடும்பச் சொத்தாய் இருந்தவை 'அசூர்பனிபாலின் அரண்மனை' என்னும் முத்திரை வாசகம் உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பொன்னும் குதிரையும் திறையாக வந்த வழியிலேயே காப்பியமும் வந்தது. அவற்றுள் பெரும்பகுதி குறிசொல்லும் நூல்கள், பேய் ஓட்டும் மந்திரங்கள். எதிரியின் அடுத்த அடியை அறிய உதவுபவை. அவன் ஏட்டை நேசித்தது பொய்யன்று. ஆனால் அந்த நேசம் உடைமையாளனின் நேசம்.

அதனால்தான் நமக்குக் கில்காமேஷ் கிடைத்தது என்று நீங்கள் மறுக்கலாம். உண்மைதான். அவன் கொள்ளையடிக்காதிருந்தால் நான் இன்று இக்கதையைச் சொல்லியிருக்க இயலாது. இந்த முரணைத் தீர்க்கும் வழி எனக்குத் தெரியவில்லை. தீர்ந்துவிட்டதாக நடிக்கவும் விரும்பவில்லை.

அதே நினிவேயில் கிடைத்த ஓர் அலுவலகக் குறிப்பு உண்டு. நிப்பூர் நகர ஆளுநரின் மகன் ஒருவன், பெயர் நினூர்த்த-கிமில்லி. தனக்கிட்ட தொகைநூற் பணியை அவன் முடித்துவிட்டான். காலில் இரும்பு விலங்கு பூட்டப்பட்டு அரண்மனையில் ஒருவர் பொறுப்பில் விடப்பட்டிருக்கின்றான். இப்போதைக்கு அவனுக்கு வேலை ஏதும் இல்லை என்கின்றது அக்குறிப்பு.